களையாகப் பிடுங்கப்படும் மரம்: வனத்துறைகளுக்கும் வேளாண்துறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

காட்டுக்குச் சட்டம் இயற்றுவோருக்கும், அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் வனத்துறையினருக்கும், காட்டை அடுத்த ஊர்களுக்கு விதையும் உரமும் கடனும் கொடுக்கும் வேளாண்துறையினருக்கும், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும்,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், காட்டை ஒட்டிய ஒரு நிலத்தில், மழை விட்ட மறுநாள், வயதான அம்மா ஒருவர் களையெடுத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கோரையும் அறுகும் வந்த கையோடு ஒரு சாண் உயரக் கன்று ஒன்றும் வேரோடு வந்தது. காட்டுப் பறவை ஏதோ பழம் தின்றுவிட்டுப் போட்ட எச்சத்தில் முளைத்தது. நல்ல சாதி மரம். விட்டிருந்தால் அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் நிழல் கொடுத்திருக்கும். "ஓரமாத்தானே இருக்கு, இதை ஏம்மா பிடுங்குறீங்க?" என்றேன். கை நிற்கவில்லை. "இப்பப் பிடுங்கினா களை, தம்பி. இருபது வருஷம் விட்டா கேஸு" என்றார்.

அதே வரப்பில் யூகலிப்டஸ் வரிசையாக நின்றது. அதை வெட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காட்டிலிருந்து தானாக வந்த மரத்துக்குத்தான் மனு, அளவீடு, முத்திரை, அனுமதிச்சீட்டு, வண்டியில் ஏற்ற இன்னொரு சீட்டு எல்லாம். அந்த அம்மா எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் உங்கள் சட்டத்தைப் பிழையில்லாமல் படித்திருந்தார். அவர் சொன்ன அந்த ஒரு வரியை உங்கள் மேசையில் வைக்கவே இந்த மடல்.

காட்டைக் காப்பது என்றதும் உங்கள் கவனம் எல்லைக்கல்லுக்கு உள்ளே போகிறது. காவலர்கள், கண்காணிப்புக் கேமராக்கள், அகழிகள், மின்வேலிகள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உலகில் இன்று மிஞ்சியிருக்கும் காட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏதோ ஒரு காட்டு விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு கிலோமீட்டர் என்பது தேனீ தினமும் போய்வரும் தூரம், காட்டுப்பன்றிக்கு ஓர் இரவு நடை. அப்படியானால் நாம் காடு என்று சொல்வதில் பெரும்பகுதி காட்டோரம்தான். பக்கத்து வயலில் என்ன தெளிக்கிறார்கள், எதை வெட்டுகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள் என்பது உள்ளே உடனே தெரிந்துவிடுகிற தூரம் அது.

பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே 1979 முதல் நடந்துவரும் ஆய்வு இதைக் கண்ணுக்குத் தெரியக் காட்டியது. தாமஸ் லவ்ஜாய் என்ற உயிரியலாளர் தொடங்கியது. 1, 10, 100 ஹெக்டேர் அளவில் காட்டுத் துண்டுகளை விட்டுவைத்துச் சுற்றிலும் மேய்ச்சல் நிலமாக்கினார்கள். பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து பெரிய மரங்கள் சாய்ந்தன. எறும்புப் படைகளின் பின்னால் போய் இரைதேடும் பறவைகள் சிறிய துண்டுகளை விட்டு மறைந்தன. நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதன் அடுத்த கட்டத்தைத்தான். சில இடங்களில் மேய்ச்சல் நிலத்தைக் கைவிட்டார்கள். செக்ரோபியா மரங்கள் தாமாக முளைத்து நிலத்தை மூடின. அவற்றின் நடுவே இருந்த துண்டுகளுக்கு, போன பறவைகளில் சில திரும்பி வந்தன. துண்டுக்கு உள்ளே யாரும் எதையும் செய்யவில்லை. மாறியது வெளியே இருந்த நிலம்.

எதிர்ப்பக்கத்துச் சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே 63 இயற்கைக் காப்பகங்களில் 27 ஆண்டுகளாகப் பூச்சிகளைப் பொறிவைத்துப் பிடித்து எடைபோட்டார்கள். பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 2017இல் அது வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. எல்லாமே சட்டப்படி காக்கப்பட்ட இடங்கள், எல்லையை யாரும் மீறவில்லை. ஒற்றைக் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்களும் அடித்துச் சொல்லிவிடவில்லை. ஆனால் அந்தக் காப்பகங்களில் பெரும்பாலானவற்றைச் சூழ்ந்திருப்பது தீவிரமாகச் சாகுபடி நடக்கும் வயல்கள் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

பாறுக் கழுகுகளின் கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. 2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடைசெய்தன. தொழுவத்தில் போட்ட ஓர் ஊசிக்கு இவ்வளவு தூரம் கை நீளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தடையோடு நிற்காமல், கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தையும் முன்வைத்தார்கள். இதைச் செய்யாதே என்று சொல்லும்போதே எதைச் செய்யலாம் என்றும் உழவர் கையில் கொடுப்பது. அந்த ஒழுங்கு ஏனோ மற்ற விதிகளில் காணக் கிடைப்பதில்லை.

காட்டோரத்து உழவருக்குக் காட்டின் அருமை தெரியாது என்ற எண்ணம் உங்கள் கோப்புகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். கோஸ்டா ரிகாவின் ஒரு காப்பித் தோட்டத்தில் டெய்லர் ரிக்கெட்ஸும் உடனிருந்தவர்களும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, காட்டுத் துண்டுகளிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் நின்ற செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடியதைக் கண்டது. ஒற்றைப் பருப்பாக உருண்டுபோகும் கொட்டைகள் 27 சதவீதம் குறைந்தன. செய்ததெல்லாம் காட்டிலிருந்து வந்த தேனீக்கள். அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும் அவற்றின் உழைப்பு ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் பெறும் என்று கணக்கிட்டார்கள். அதே நாட்டில் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வு, காப்பிக்காயைத் துளைக்கும் வண்டின் தாக்குதலைப் பறவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன என்றும், சுற்றிலும் காடு கூடக்கூட அந்தப் பறவைகளும் கூடுகின்றன என்றும் காட்டியது. காட்டோரத்தில் உழுகிறவர்களுக்கு இந்தக் கணக்குகள் எண்ணாகத் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பக்கத்து வயலில் காய் நன்றாகப் பிடிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் கன்றைப் பிடுங்குகிறார்கள் என்றால், தவறு அவர்களுடைய அறிவில் இருக்க முடியாது.

கானாவைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தானாக முளைத்த வெட்டுமரங்கள் யாருடைய நிலத்தில் நின்றாலும் மக்களின் சார்பில் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருப்பவை. கோகோ பயிரிடும் உழவர் அந்த மரத்தை நிழலுக்காக வளர்க்கலாம், ஆனால் விற்க உரிமையில்லை. உரிமம் பெற்ற மரக் கம்பெனி ஒருநாள் உள்ளே வந்து வெட்டும். விழுகிற மரம் பத்துப் பதினைந்து கோகோச் செடிகளையும் சேர்த்து நசுக்கும். கிடைக்கும் இழப்பீடு சொற்பம், சில நேரம் அதுவும் இல்லை. ஆகவே உழவர்கள் அந்தக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கினார்கள், கொஞ்சம் வளர்ந்துவிட்டதென்றால் பட்டையைச் சுற்றி உரித்துப் பட்டுப்போக விட்டார்கள். கோகோவோ நிழலை விரும்பும் பயிர். மழைக்காட்டின் கீழ் அடுக்கில் பிறந்தது அது.

இந்தியாவின் குடகில் வேறு வடிவத்தில் அதே கதை. அங்கே காப்பி வளர்ந்தது பலாவும் அத்தியும் ஈட்டியும் கலந்த காட்டு நிழலில். நாட்டு மரங்களை வெட்டக் கட்டுப்பாடுகள். சிலவகை நிலங்களில் மரத்தின் உரிமையே அரசிடம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், பணம் வேண்டிய நேரத்தில் வெட்டி விற்கலாம். ஆண்டுக்கு ஆண்டு நாட்டு மரம் போன இடத்தில் சில்வர் ஓக் வந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் இன்னும் பச்சைதான். ஆனால் இருவாச்சிப் பறவைக்கு வேண்டியது அத்திப்பழமும், பெரிய கிழமரத்தின் பொந்தும். சில்வர் ஓக்கில் இரண்டும் கிடையாது. நாட்டு மரத்தைக் காக்க எழுதிய விதி, நாட்டு மரத்தை மட்டும் உழவருக்குச் சுமையாக்கியது. எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அதைத் திருத்துவதில் உங்களுக்குக் கூச்சம் இருக்கத் தேவையில்லை.

திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நைஜர் இருக்கிறது. பாலைவனத்தை ஒட்டிய மிக வறண்ட நாடு. குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்தே அங்கே மரம் அரசின் சொத்து. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ அங்கே மரம் நடும் வேலையில் இருந்தார். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை செத்தன. ஒருநாள் வயலில் புதர் என்று எண்ணிக் கடந்துபோவதை நின்று பார்த்தபோதுதான், அது வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பது என்று தெரிந்தது. வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. உழவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் துளிரை வெட்டித் தீயிட்டு வயலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். துளிர்களில் நல்லதாக இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கவாத்து செய்யுங்கள் என்றார். நட வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

அது பரவியதற்கு இன்னொரு காரணம் உண்டு. வனத்துறையினர் பழைய சட்டத்தை அமலாக்குவதில் கையைத் தளர்த்தினார்கள். தன் வயலில் தான் காப்பாற்றிய மரத்தைத் தானே கிளை கழித்து விறகாக்கலாம், விற்கலாம் என்ற நம்பிக்கை உழவர்களுக்கு வந்தது. ஒரு வயலிலிருந்து பக்கத்து வயலுக்கு, ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு அது தானே நடந்துபோனது. மராடி, ஸிண்டர் வட்டாரங்களில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மொத்தம் 20 கோடி மரங்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் முக்கியமானது வேல மரத்தின் உறவான ஃபைதர்பியா. மழைக்காலத்தில் இலை உதிர்த்துப் பயிருக்கு வெயில் விடும், கோடையில் தழைத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் காய் கொடுக்கும். இவை அரசு கன்று நட்டு வளர்த்த மரங்கள் அல்ல. இங்கே அரசு செய்ததில் பெரிய பங்கு, மரத்துக்கும் உழவருக்கும் நடுவிலிருந்து விலகி நின்றதுதான்.

உங்கள் மறுப்பு எனக்குக் கேட்கிறது. காட்டோரத்தில் மரத்தின் உரிமையைத் தளர்த்தினால், காட்டுக்குள் வெட்டிய கட்டையை என் வயலில் வெட்டியது என்று சொல்லிக் கடத்துவார்கள். உண்மையான அச்சம்தான். கடத்தல்காரர்கள் எந்த ஓட்டையையும் விடமாட்டார்கள். ஆனால் இப்போதைய ஏற்பாடு கேள்வி கேட்பது மரம் சாயும்போது. அந்த நேரத்தில் லஞ்சத்துக்கு வழி அதிகம், ஏழை உழவருக்குக் காத்திருக்கப் பொழுதில்லை, தரகர் பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறார். கேள்வியைக் கன்றுக்கு மாற்றுங்கள். முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே இந்தச் சர்வே எண்ணில் இத்தனை மரம், இன்ன வகை என்று ஊர்ப் பதிவேட்டில் எழுதட்டும், நிலத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வைக்கட்டும். முப்பது ஆண்டு கழித்து அதை வெட்டுகிறவரிடம் பதிவைப் பார்த்தால் போதும். பதிவில் இல்லாத மரம் வெளிவந்தால் எங்கிருந்து வந்தது என்று அப்போது கேளுங்கள். ஏற்கெனவே நிற்கும் கிழமரங்களுக்கு விதி வேறாக இருக்கட்டும். அவற்றை நிறுத்திவைப்பதற்கு ஆண்டுதோறும் பணம் கொடுங்கள். கோஸ்டா ரிகா 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் வழியாக எரிபொருள் வரியிலிருந்து நில உடைமையாளர்களுக்கு அப்படிப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அந்நிய மரத்துக்குக் கிடைக்கும் சலுகை உள்ளூர் மரத்துக்கும் கிடைக்க வேண்டும். அதைவிடக் குறைவாக எதைச் செய்தாலும், களையெடுக்கும் கை கன்றைத் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

மரம் ஒன்றே போதாது. மரம் வந்தால் காட்டு விலங்கும் வரும், அது உழவருக்குத் தெரியும். ஓர் இரவில் யானைக் கூட்டம் புகுந்த வயலைக் காலையில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மிதித்ததுதான் அதிகம், தின்றது கொஞ்சம். கடன் வாங்கி விதைத்தவர் அதன் நடுவில் நிற்பதைப் பார்த்தவர்கள், பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றி அவரிடம் பேச வாய் திறக்க மாட்டார்கள். இழப்பீடு உங்கள் சட்டத்தில் இருக்கிறது. அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வராத இழப்பீடு அடுத்த விதைப்புக்குப் பயன்படாது. அது வராத ஆண்டில்தான் வரப்பில் சுருக்குக் கம்பி தோன்றுகிறது, பழத்துக்குள் வெடி வைக்கப்படுகிறது. நான் அதை நியாயப்படுத்தவில்லை. எங்கிருந்து தொடங்குகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கென்யாவில் லூசி கிங் என்ற யானை ஆய்வாளர் தேனீப் பெட்டிகளை வேலியாக்கினார். வயலைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு பெட்டி, எல்லாவற்றையும் இணைக்கும் கம்பி. யானை கம்பியில் இடித்தால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். யானைக்குத் தேனீயைக் கண்டால் ஆகாது. சாவோ தேசியப் பூங்காவை அடுத்த வயல்களுக்கு வந்த யானைகளில் பெரும்பாலானவை திரும்பிப் போயின, உழவருக்குத் தேனும் கிடைத்தது. ஆனால் கடும் வறட்சி வந்தபோது தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விட்டன. பூ இல்லாத நிலத்தில் தேனீ எதற்கு இருக்கும்? இங்கேயும் நான் வந்து நிற்பது மரத்திடம்தான். வறட்சியிலும் பூக்கிற நாட்டு மரங்கள் வரப்பில் நின்றால், வேலியும் நிற்கும்.

இனி வேளாண்துறைக்குத் தனியாக. காட்டோர வயலுக்கும் சமவெளி வயலுக்கும் நீங்கள் ஒரே பரிந்துரைச் சீட்டைக் கொடுக்கிறீர்கள். ஒரே வீரிய விதை, ஒரே களைக்கொல்லி, மானிய விலையில் ஒரே உர மூட்டை. காட்டிலிருந்து இறங்கும் ஓடை அந்த வயலைத் தொட்டுத்தான் கீழே போகிறது, தவளையும் மீனும் அதில்தான் இருக்கின்றன. ரசாயனத்தைக் குறைத்து ஊடுபயிருக்கும் பயறுக்கும் மூடாக்குக்கும் மாறுகிற உழவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் விளைச்சல் குறையக்கூடும். மண் தேறுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். அந்த ஆண்டுகளைத் தாண்டவைக்க உங்களிடம் எந்தத் திட்டமும் நான் பார்த்த ஊர்களில் இருக்கவில்லை. மாறினவர் தன் நகையை அடகு வைத்து மாறினார். மாறாதவருக்கு மானியம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நீங்கள் ஏற்றுக்கொண்ட பல்லுயிர்க் கட்டமைப்பை எடுத்துப் பாருங்கள். 7ஆவது இலக்கு, பூச்சிக்கொல்லியால் வரும் ஆபத்தை 2030க்குள் பாதியாவது குறைக்கச் சொல்கிறது. 10ஆவது, விளைநிலங்களைப் பல்லுயிருக்கு இசைவாக நடத்தச் சொல்கிறது. 18ஆவது, இயற்கைக்குக் கேடு செய்யும் மானியங்களை உலக அளவில் ஆண்டுக்கு 50,000 கோடி டாலராவது குறைக்கச் சொல்கிறது. பேசப்பட்டதெல்லாம் நிலத்தில் 30 சதவீதத்தைக் காப்போம் என்ற 3ஆவது இலக்குதான். வரைபடத்தில் கோடு போடுவது எளிது, அதனால் அது தலைப்புச் செய்தியானது. மற்ற மூன்றும் நிறைவேற வேண்டிய இடம் அந்தக் கோட்டுக்கு வெளியே, உழவரின் வயலில். குறைக்கப்போகிற மானியத்தை வெறுமனே பறித்துக்கொள்ளாமல், மாறுகிற அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் திருப்பிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நல்ல வயலும் காடாகிவிடாது. அடர்காட்டின் இருட்டும் ஈரமும் இல்லாமல் வாழ முடியாத உயிர்கள் ஏராளம். நிழல்மரக் காப்பித் தோட்டம் அவற்றுக்கு வழிப்பாதையாக இருக்கலாம், வீடாக முடியாது. காட்டோரச் சாகுபடி லாபமானால், அந்த லாபமே இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டி வயலாக்கச் சொல்லும் ஆபத்தும் உண்டு. ஆகவே எல்லைக்கல் நிற்கட்டும், காவலும் இருக்கட்டும். கல்லுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் செழிப்பதில் ஒரு பங்கு கிடைக்கவேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இவை எதுவும் ஒரு துறையால் மட்டும் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். நான் போன ஊர்களில் வன அலுவலரும் வேளாண் அலுவலரும் ஒரே வயலுக்கு வெவ்வேறு நாளில் வந்தார்கள். ஒருவர் மரத்தைத் தொடாதே என்றார், மற்றவர் நிழல் விழுந்தால் மகசூல் குறையும், வெட்டு என்றார். இரண்டையும் கேட்டுத் தலையாட்டிய உழவர், இருவரும் போனபின் தனக்குத் தெரிந்ததைச் செய்தார்.

அடுத்த மழைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரே ஒரு காட்டோர ஊரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அலுவலர்களும் ஒரே நாளில் போகட்டும். அங்கே களையெடுக்கும் பெண்களோடு வயலில் நடந்து, கையில் வரும் கன்றுகளில் எதெதை விட்டுவைக்கலாம் என்று அவர்களையே கேட்கட்டும். விட்டுவைத்த கன்றுகளை அன்றைக்கே அவர்கள் பெயரில் பதிவேட்டில் ஏற்றி, அரசு முத்திரை வைத்த ஒரு நகலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பட்டும்.

இப்படிக்கு,
அந்த வரப்பில் உட்கார்ந்து பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்த ஒருவன்